நாட்டுக்கேற்ற தணிப்பு நடவடிக்கை: சொல் விளக்கம்

வளரும் நாடு ஒன்று, தன் பொருளாதார நிலைக்கும் வளர்ச்சித் தேவைக்கும் பொருந்தும் வகையில் தானே திட்டமிட்டு, வளர்ந்த நாடுகள் தரும் நிதி, தொழில்நுட்பம், திறன் வளர்ப்பு ஆகியவற்றின் துணையோடோ தன் சொந்தச் செலவிலோ பசுமை இல்ல வாயு உமிழ்வைக் கட்டுப்படுத்த எடுக்கும் நடவடிக்கைக்குக் காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் ‘நாமா’ என்று பெயர். நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைந்த சுருக்கம் அது. அதைத் தமிழில் ‘நாட்டுக்கேற்ற தணிப்பு நடவடிக்கை’ எனலாம். இத்தொடரின் உயிர்நாடியான சொல் ‘தணிப்பு’. முதலில் அதைப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘மிட்டிகேஷன்’ என்பது இலத்தீனிலிருந்து வந்தது. ‘மென்மையான’ எனப் பொருள்படும் ‘மிட்டிஸ்’ என்ற சொல்லும், ‘செய்’ எனப் பொருள்படும் வினையும் அதில் இணைந்திருக்கின்றன. கடுமையானதை மென்மையாக்குதல் என்பதே அதன் வேர்ப்பொருள். தமிழில் ‘தணி’ என்னும் வினை இதே பொருளைப் பன்னெடுங்காலமாகத் தாங்கி வருகிறது. தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, சினம் தணிகிறது என்கிறோம்; முருகன் போர்ச்சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதே திருத்தணிகை என்னும் பெயருக்குச் சொல்லப்படும் காரணம். வெப்பத்தோடும் சீற்றத்தோடும் இயல்பாகவே சேர்ந்து வழங்கும் இவ்வினை, புவி வெப்பமாதலைப் பற்றிப் பேசவும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

இலக்கணம் தரும் நயம் ஒன்றும் இங்கே உண்டு. தானே அடங்குவது தணிவு. ஒருவர் முயன்று அடக்குவது தணிப்பு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு, உமிழ்வைக் குறைக்கவோ, வாயுக்களை உறிஞ்சும் காடு, மண் போன்ற தேக்கங்களைப் பெருக்கவோ மனிதர் செய்யும் தலையீடு என்றே இச்சொல்லை வரையறுக்கிறது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் ஆலைகளும் வாகனங்களும் முடங்கியபோது உலக உமிழ்வு இறங்கியது; அதைத் தணிவு என்று சொல்லலாம், தணிப்பு என்று சொல்ல முடியாது. சிலர் எழுதும் ‘உமிழ்வுக் குறைப்பு’ எளிய தொடர்தான் என்றாலும், காடு வளர்த்துக் கரியமில வாயுவை ஈர்த்துக்கொள்வது அதற்குள் அடங்குவதில்லை. ‘மட்டுப்படுத்தல்’ என்பது ஓர் எல்லைக்குள் நிறுத்துவதை மட்டுமே உணர்த்துகிறது. எனவே தணிப்பே தகுந்த சொல். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். பேரிடர் மேலாண்மையில் ‘தணிப்பு’ என்றால் பாதிப்பின் கடுமையைக் குறைப்பது. கடல் அரிப்பைத் தடுக்கும் சுவரை அத்துறையினர் தணிப்பு என்பர். காலநிலைத் துறையில் அதே சுவர் ‘தகவமைப்பு’, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப நம்மைப் பொருத்திக்கொள்வது, எனப்படும். எந்தத் துறையின் ஆவணம் என்று பார்க்காமல் மொழிபெயர்ப்பவர் இங்கே இடறுவார்.

‘நாட்டுக்கேற்ற’ என்ற அடை, 1992இல் ஏற்கப்பட்ட ஐ.நா. காலநிலை மாற்றப் பணிச்சட்டக உடன்படிக்கையில் வேர்கொண்டது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான பொறுப்பு உண்டு, ஆனால் அது எல்லாருக்கும் ஒரே அளவினதாக இருக்க முடியாது என்ற கோட்பாட்டை அவ்வுடன்படிக்கை நிறுவியது. வளரும் நாடுகளின் நடவடிக்கைக்கு ஆகும் கூடுதல் செலவை ஈடுகட்ட, வளர்ந்த நாடுகள் ‘புதிய, கூடுதலான’ நிதியை வழங்க வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு கடமையாகவே விதிக்கிறது. நாமா என்ற தொடர் பிறந்தது 2007 டிசம்பரில், இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்த, அவ்வுடன்படிக்கை நாடுகளின் 13ஆவது மாநாட்டில். அது பிறந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அம்மாநாடு ஏற்கவிருந்த தீர்மானமான பாலி செயல்திட்டத்தின் வரைவில், ‘அளவிடத்தக்க, அறிக்கையிடத்தக்க, சரிபார்க்கத்தக்க’ என்ற மூன்று அடைகளும் வளரும் நாடுகளின் நடவடிக்கைக்கு முன்னால் நின்றன. அதன்படி வளரும் நாடுகள் செய்வது அளக்கப்படும். வளர்ந்த நாடுகள் கொடுப்பது அளக்கப்பட வேண்டியதில்லை என்று வாதிட இடமிருந்தது. மாநாடு குறித்த நாளைக் கடந்து நீண்ட இறுதி அமர்வில், இந்தியா அந்த அடைகளைத் தொடரின் கடைசிக்கு, நிதியும் தொழில்நுட்பமும் திறன் வளர்ப்பும் சொல்லப்பட்ட இடத்துக்குப் பின்னால் நகர்த்தக் கோரியது. வளரும் நாடுகள் அதை ஆதரித்தன. அமெரிக்கா முதலில் மறுத்தது, அரங்கில் எதிர்ப்பொலி எழுந்தது. வழிநடத்த விருப்பமில்லை என்றால் வழிவிட்டு நில்லுங்கள் என்று பப்புவா நியூ கினியின் பேராளர் கெவின் கான்ராட் கூறினார். சற்று நேரத்தில் அமெரிக்கா இணங்கியது. சொற்கள் அப்படியே இருக்க, அவற்றின் இடம் மட்டும் மாறியதால் கொடுப்பவரும் கணக்குக் காட்ட வேண்டியவரானார்.

தமிழில் எழுதுவோர் இந்த வரலாற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ‘அளவிடத்தக்க தணிப்பு நடவடிக்கைகள், நிதி ஆதரவுடன்’ என்று எழுதினால், பாலியில் நிராகரிக்கப்பட்ட வரைவையே நாம் மீண்டும் எழுதியவர்களாவோம். ‘வளரும் நாடுகளின் நாட்டுக்கேற்ற தணிப்பு நடவடிக்கைகளும், அவற்றை இயலச் செய்யும் நிதி, தொழில்நுட்ப, திறன் வளர்ப்பு ஆதரவும், அளவிடவும் அறிக்கையிடவும் சரிபார்க்கவும் தக்க முறையில் அமைதல் வேண்டும்’ என்று பிரித்து எழுதுவதே மூலத்தின் கருத்தைக் காப்பாற்றும். நம் மொழியில் அடை பெயருக்கு முன்னால்தான் வரும் என்பதால் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது.

2010இல் மெக்சிகோவின் கான்குன் மாநாடு, ஆதரவைத் தேடும் நடவடிக்கைகளையும் அதற்குக் கிடைக்கும் ஆதரவையும் பொருத்திப் பதியும் பதிவேடு ஒன்றை அமைத்தது. தன் சொந்தச் செலவில் ஒரு நாடு செய்வதும் நாமாவே. வெளி ஆதரவைப் பெற்றுச் செய்வதும் நாமாவே.

நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது என்பதற்குக் கோஸ்டா ரிகாவின் காப்பித் துறை நல்ல சான்று. காப்பித் தோட்டங்களில் இடப்படும் தழைச்சத்து உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வெளிவருகிறது; எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பமூட்டுவது. பழத்திலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலைகளின் கழிவுநீரிலிருந்து மீத்தேன் எழுகிறது. உலர்த்துவதற்கு விறகும் மின்சாரமும் செலவாகின்றன. உரத்தை அளந்து இடுவது, நிழல் மரம் வளர்ப்பது, கழிவுநீரைச் சீராக்குவது, உலர்த்தும் அடுப்புகளை மேம்படுத்துவது ஆகியவற்றை ஒரே துறைத் திட்டமாக அந்நாடு வகுத்தது. ஜெர்மனியும் பிரிட்டனும் 2012இல் தொடங்கிய நாமா நிதி ஏற்பாடு அதற்குத் துணைநின்றது. இங்கே திட்டமிடலுக்கும் நிதிக்கும் உள்ள பிணைப்பு தெளிவாகிறது: விவசாயிக்குப் பயிற்சி அளிக்க மானியம் வேண்டும், ஆலை உரிமையாளர் கருவி வாங்கக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும், அக்கடனைத் தர வங்கி முன்வருவதற்கு உத்தரவாதம் வேண்டும். இவற்றைத் தனித்தனியே கேட்டு அலையாமல் ஒரு திட்டத்துக்குள் கொண்டுவந்ததே நாமாவின் பயன் என்று நான் மதிக்கிறேன்.

2015இன் பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பின் இச்சொல்லின் இடத்தைப் பெரும்பாலும், ஒவ்வொரு நாடும் தானே வகுத்து அறிவிக்கும் காலநிலைத் திட்டமான ‘தேசிய அளவில் தீர்மானிக்கப்பட்ட பங்களிப்பு’ பிடித்துக்கொண்டது. மேற்சொன்ன நிதி ஏற்பாடும் 2023இல் ‘தணிப்பு நடவடிக்கை நிதி ஏற்பாடு’ என்று பெயர் மாறிற்று. பல வளரும் நாடுகள் தம் பங்களிப்பை இரண்டாகப் பிரித்துக் கூறுகின்றன: எவ்வாறாயினும் செய்வோம் என்பது ஒன்று, ஆதரவு கிடைத்தால் செய்வோம் என்பது மற்றொன்று. இரண்டாவதை ‘நிபந்தனைப் பங்களிப்பு’ எனலாம். நாமாவின் கருத்து இன்று வாழ்வது இதில்தான்.

கடைசியாக, நிதியைக் குறிக்கும் சொற்கள். நம் செய்தித்தாள்கள் ‘நிதியுதவி’ என்று எழுதுகின்றன. உதவி என்பது கொடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. உடன்படிக்கை சொல்வதோ கடமையை. ‘காலநிலை நிதி’ என்றே எழுதுவது நேர்மையாகும். வினையிலும் விழிப்பு வேண்டும். 1992இல் வளர்ந்த நாடுகள் ‘வழங்க’ வேண்டும் என்றிருந்தது. 2009இல் கோபன்ஹேகனில் நடந்த காலநிலை மாநாட்டில், 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலரைச் சேர்ந்து ‘திரட்டுவது’ இலக்காயிற்று. அத்தொகையை 2022இல்தான் முதன்முறையாகத் தாண்டினர் என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு கணக்கிட்டது, அதிலும் அரசு வழி வந்த நிதியின் பெரும்பகுதி கடன். 2024இல் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று தீர்மானமானபோது, பல வழிகளிலிருந்தும் நிதி வர, வளர்ந்த நாடுகள் ‘முன்னின்று’ செயல்படும் என்ற அளவில் வாசகம் நின்றது. இந்தியா தன் எதிர்ப்பை அரங்கிலேயே பதிவு செய்தது. வழங்குதல், திரட்டுதல், முன்னிற்றல் ஆகிய மூன்றையும் ‘நிதி அளித்தல்’ என்ற ஒரே தொடரால் பெயர்ப்பவர், பொறுப்பு படிப்படியாக நெகிழ்ந்து வந்ததைத் தமிழ் வாசகரிடமிருந்து மறைத்துவிடுகிறார்.