அழிய மறுக்கும் ஃபைலும் அவசரப்பட்டு அழிந்த விண்டோஸும்

போன மாதம் ஒரு லேப்டாப் ரிப்பேருக்கு வந்தது. ஆன் ஆகும், பாஸ்வேர்டும் ஏற்றுக்கொள்ளும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஸ்டார்ட் மெனு அசையாது, செட்டிங்ஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். வைரஸாக இருக்குமோ என்று கொண்டுவந்தவர் பயந்துபோயிருந்தார். மெல்ல விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஏதோ ஒரு விளையாட்டின் ஃபோல்டரை அழிக்கப் பார்த்திருக்கிறார், அது போகவில்லை, இணையத்தில் தேடி ஒரு வீடியோவில் சொன்ன இரண்டு வரிக் கட்டளைகளை அட்மினாக ஓட்டியிருக்கிறார், அதுவும் அந்த ஃபோல்டரில் மட்டும் இல்லை, சி டிரைவ் முழுவதிலும். டேக்ஓன், ஐகேக்ல்ஸ் என்ற அந்தக் கட்டளைகள் விண்டோஸின் சொந்த ஃபைல்களுடைய உரிமையையும் அனுமதிகளையும் மொத்தமாகப் புரட்டிப் போட்டுவிட்டன. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒற்றைக் கட்டளை எதுவும் கிடையாது. டேட்டாவை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸை மறுபடி போட வேண்டியதாயிற்று.

இப்படி வருகிறவர்கள் நிறைய. ஒரு ஃபைல் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைத் திரையில் வரும் பெட்டியே பெரும்பாலும் சொல்லிவிடும், நாம்தான் அதைப் படிக்காமல் மூடிவிட்டு மறுபடி மறுபடி டெலிட் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

என் மேஜைக்கு அதிகம் வருவது, வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்கிற மெசேஜ்தான். விண்டோஸில் ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போதே, நான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் இதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று சொல்லித்தான் திறக்கும். அழிக்கலாம் என்று சொல்லாமல் திறந்திருந்தால் அது விடும்வரை நீங்கள் அட்மினாக இருந்தாலும் டெலிட் ஆகாது. லினக்ஸில் கதை வேறு. அங்கே பெயர் உடனே போய்விடும், ஆனால் கடைசிப் புரோகிராம் கையை எடுக்கும்வரை இடம் மட்டும் காலியாகாது. சர்வரில் நடப்பதைப் பதிவுசெய்யும் பெரிய லாக் ஃபைலை அழித்துவிட்டு டிஸ்க் இன்னும் நிறைந்திருக்கிறதே என்று முழிக்கும் சர்வர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சரி, யார் பிடித்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸிலேயே ரிசோர்ஸ் மானிட்டர் இருக்கிறது. அதில் சிபியு டேபுக்குப் போய், அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற இடத்தில் ஃபைல் பெயரின் ஒரு பகுதியைத் தட்டினால் எந்தப் புரோகிராம் என்று பட்டியல் வரும். எனக்குப் பழக்கம் புராசஸ் எக்ஸ்ப்ளோரர்தான். மார்க் ருசினோவிச் குழுவின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று, 2006ல் மைக்ரோசாஃப்ட் அவர்களுடைய விண்டர்னல்ஸ் நிறுவனத்தையே வாங்கியது, இன்றைக்கும் இலவசம். இதுவும் சிரமம் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் ஃபைல் லாக்ஸ்மித் இருக்கிறது, ரைட் கிளிக் செய்தாலே யார் என்று காட்டிவிடும். பட்டியலில் வருவது வேர்டோ வீடியோ பிளேயரோ என்றால் மூடிவிடுங்கள். சிஸ்டம் என்றோ ஆன்டிவைரஸ் என்றோ வந்தால் கொஞ்சம் பொறுங்கள், ஸ்கேன் முடிந்ததும் தானாக விட்டுவிடலாம். பல நேரம் குற்றவாளி ஃபைல் எக்ஸ்ப்ளோரரேதான், ஓரத்தில் பிரிவ்யூ காட்டுவதற்காக அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும். இன்னொன்று, கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருந்தால் உள்ளே ஒரு ஃபைல்கூட இல்லாவிட்டாலும் ஃபோல்டர் போகாது. இதில் நானே அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆள் யாரென்றே தெரியவில்லையா, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து ஆன் செய்வது அதே பலன் தராது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது, அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலை அப்படியே டிஸ்கில் சேமித்துவைத்து அடுத்த முறை அதையே எழுப்பும். ரீஸ்டார்ட்தான் முழுதாகக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். "நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்" என்கிறவர்களிடம் ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

அடுத்தது நீளமான பெயர். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்க்கொண்டே இருந்தால், டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் வரை சேர்த்து 260 எழுத்து என்ற பழைய எல்லையைத் தாண்டிவிடும். டிஸ்கில் இருக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பு 32,767 வரை தாங்கும், ஆனால் எக்ஸ்ப்ளோரர் பழைய எல்லையிலேயே நிற்பதால் சோர்ஸ் பாத் நீளம் என்று சொல்லிக் கைவிரித்துவிடும். மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரையும் ஒரே எழுத்தாக மாற்றிக் குறைத்தால் பாதி நேரம் தீர்ந்துவிடும். இல்லையென்றால் செவன் ஜிப்பைத் திறந்து, அதற்குள்ளிருந்தே ஷிப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்துங்கள்.

பெயரால் வரும் இன்னொரு வம்பு எனக்குப் பிடித்தமானது. 'கான்' (CON) என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் விடாது. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் கீபோர்டுக்கும் திரைக்கும் வைத்த சாதனப் பெயர். முதல் டாஸில் ஃபோல்டர் என்ற விஷயமே கிடையாது, 1983ல் வந்த 2.0வில்தான் வந்தது, பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்று அந்தப் பெயர்களை எல்லா ஃபோல்டரிலும் செல்லும்படி விட்டுவிட்டார்கள். அந்த வால் இன்றுவரை நீள்கிறது. லினக்ஸிலிருந்தோ மேக்கிலிருந்தோ இப்படி ஒரு பெயர் வந்து சேர்ந்தால், அல்லது பெயரின் கடைசியில் ஒரு புள்ளியோ இடைவெளியோ ஒட்டியிருந்தால், எக்ஸ்ப்ளோரர் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் முழுப் பாதைக்கு முன்னால் இரண்டு பின்சாய்வுக்கோடு, ஒரு கேள்விக்குறி, மறுபடி ஒரு பின்சாய்வுக்கோடு போட்டு அழித்தால் போய்விடும், ஏனென்றால் அப்போது விண்டோஸ் பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

அனுமதி இல்லை என்று வந்தால்தான் நிதானம் வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கைப் புதியதில் மாட்டினீர்கள், உங்கள் ஃபோல்டரே உங்களை உள்ளே விடவில்லை என்றால் அது நியாயமான கேஸ். விண்டோஸ் உங்களைப் பெயரால் அறிவதில்லை, ஒரு நீண்ட அடையாள எண்ணால்தான் அறிகிறது, இரண்டு மெஷினிலும் ஒரே பெயர் வைத்திருந்தாலும் எண் வேறு. அங்கே டேக்ஓன் போடலாம், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும். ஆனால் டிரஸ்டட்இன்ஸ்டாலரிடம் அனுமதி வேண்டும் என்று வந்தால் கையை எடுத்துவிடுங்கள், அது விண்டோஸ் தன் ஃபைல்களை உங்களிடமிருந்தே காப்பாற்ற வைத்திருக்கும் பூட்டு. பழைய விண்டோஸ் மிச்சம் என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் டெம்பரரி ஃபைல்ஸில் டிக் போட்டு அழிக்கலாம், அதற்கென்று வைத்த வழி அதுதான்.

அழித்த ஃபைல் திரும்பத் திரும்ப வந்தால் வைரஸ் என்று முடிவுகட்ட வேண்டாம், ஒன்டிரைவ் மாதிரி ஏதாவது கிளவுட் சிங்க் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள்.

ஃபைல் பழுதாகிவிட்டது, படிக்க முடியவில்லை என்று மெசேஜ் வந்தால் அழிப்பதையே மறந்துவிடுங்கள். டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். முக்கியமானதையெல்லாம் முதலில் வேறு இடத்துக்கு காப்பி எடுங்கள், அப்புறம்தான் டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க். சாகும் நிலையில் உள்ள டிஸ்கில் எடுத்த எடுப்பில் செக்டிஸ்க் ஓட்டி, இருந்ததையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பென் டிரைவ் திடீரென்று எதையும் அழிக்க விடாமல் படிக்க மட்டும் விட்டால், பக்கவாட்டில் சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விட்சும் இல்லையென்றால் உள்ளே இருக்கும் சிப் தேய்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம், எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வேறு வாங்குங்கள்.

எதையும் ஒரே கிளிக்கில் அழிக்கும் என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்கள் வேறு இருக்கின்றன. அவற்றில் பல செய்வது, பிடித்திருக்கும் புரோகிராமை வலுக்கட்டாயமாக மூடுவது, முடியாவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போது அழிக்கச் சொல்லி, அதன் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைப்பது, இவ்வளவுதான். இதற்காகத் தெரியாத தளத்திலிருந்து இறக்கி, கூடவே வரும் டூல்பாரையும் விளம்பரத்தையும் கட்டி மேய்க்க வேண்டுமா?

அந்த லேப்டாப்காரர் எடுத்துப்போக வந்தபோது, முதல் தடவை டெலிட் போட்டதும் என்ன மெசேஜ் வந்தது என்று கேட்டேன். போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். ஃபோல்டரில் உள்ள ஏதோ ஒன்று வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது, மூடிவிட்டு மறுபடி முயற்சி செய்யவும் என்று தெளிவாக இருந்தது. அதே போட்டோவில், கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில், அந்த விளையாட்டைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் புரோகிராமின் ஐகான் உட்கார்ந்திருந்தது.