ஏழு மணி கம்பெனி பஸ்ஸும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் எடையும்

வயது 14. உயரம் 150 சென்டிமீட்டர், எடை 34 கிலோ. கணக்குப் போட்டால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) 15.1. உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி இந்த வயதுப் பெண்ணுக்கு நடு அளவு 19.6. 15.4-க்குக் கீழே போனால் மெலிவு என்று எழுதிவிடுவோம்.

“காலையில என்னம்மா சாப்பிட்ட?”

“பசிக்கல மேடம்.”

பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பள்ளிப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பதிலைக் கேட்கிறேன். இந்தப் பெண் சொன்னதையும் நம்பி, அவள் அம்மாவை வரச்சொல்லி, பால், பாதாம், மாதுளை என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துடும் டாக்டரம்மா. காத்தால சோறு வடிச்சு வெச்சிட்டுப் போயிடுவேன். சின்னவனைக் குளிப்பாட்டி அனுப்பறது இவதான். அப்புறம் இவ எங்க உக்காந்து தின்றது?”

ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாக்கள் ஏராளம். அவர்கள் போன பிறகு வீட்டுக்கு அம்மா, மூத்த பெண்தான்.

தம்பிக்குப் பிரச்சினை இல்லை. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்புக்கானது. பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடுகிறது. அக்காவுக்கு அது இல்லை. பெண் பிள்ளைகள் கிடுகிடுவென வளர்வது பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டும் அந்த வயதில்தான் என்பது வேறு கதை. மதியம் முட்டையோடு சத்துணவு உண்டே என்பீர்கள். எட்டாவது வரை வாங்கினாள். இப்போது தோழிகள் டப்பா கொண்டுவருகிறார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வெட்கம். அம்மா கொடுத்த பத்து ரூபாய் ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட் இரண்டாக மாறுகிறது. கடைக்காரரைத் திட்டியும் பயனில்லை. வாழைப்பழம் இரண்டு நாளில் கறுத்துவிடும், சரத்தில் தொங்கும் பாக்கெட் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

வேலூர் டவுனில் பார்த்த பையன் இதற்கு நேர்மாறு. வயது 13, உயரம் 152, எடை 62 கிலோ, குறியீடு 26.8. அவன் வயதில் 24.8-ஐத் தாண்டினாலே பருமன். பின்கழுத்தில் கறுப்பாக, வெல்வெட் மாதிரித் தடித்த தோல். அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்த்திருக்கிறார் அவன் அம்மா. தேய்த்தால் போகாது, உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்பதன் அடையாளம் அது. வசதியான வீடு என்று நினைக்கவேண்டாம். அப்பா, அம்மா இருவரும் கடை வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் டியூஷன், ராத்திரி வரும்போதே பரோட்டா பார்சல். தெருவில் ஆட இடமில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிடுகிறார், திருப்பித் தருவதில்லை.

ஒரு காலத்தில் பருமன் காசுள்ளவன் வியாதி. இப்போது மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான் மலிவு. பருப்பு, முட்டை, காய்க்குத்தான் காசு யோசிக்க வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு எடை அதிகம். அந்த 34 கிலோ பெண்ணின் அம்மாவே எழுபது கிலோவுக்கு மேல். நாளெல்லாம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த உடம்பு.

அதனால் இப்போதெல்லாம் “என்ன சாப்பிட்ட” என்று தொடங்குவதில்லை. வீட்டில் யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், யார் சமைக்கிறார்கள், பள்ளிக் கழிப்பறை போகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால், அந்தப் பெண் சாயங்காலம் வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அர்த்தம்.

பாதாமை வாபஸ் வாங்கிவிட்டேன். முதல்நாள் ராத்திரி கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு, பையில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. வகுப்பு டீச்சர் ஒருவர் தானும் சத்துணவுத் தட்டோடு பெரிய பெண்களுடன் உட்கார ஆரம்பித்தார். வரிசை மெல்ல நீண்டது. நான்கு மாதம் கழித்து எடை பார்த்தபோது 36 கிலோ.

டவுன் பையன் மட்டும் மறுபடி வரவில்லை. நான் வரச்சொன்ன நேரத்தில் அவனுக்கு டியூஷனாம்.