ஒற்றைக் கையில் வேகம் வேண்டுமா? முதலில் ஸ்டிக்கை விடப் பழகுங்கள்

டிரம்ஸ் கற்க வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு சோதனை செய்வேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் போய் நின்று, வலது கை ஸ்டிக்கின் அடிமுனையைப் பிடித்து இழுப்பேன். லேசாக இழுத்ததும் வந்துவிட்டால் நல்லது. சில மாதங்களுக்கு முன் வந்த இளைஞரிடம் இழுத்தபோது ஸ்டிக் வரவில்லை. அவர்தான் ஸ்டூலோடு என் பக்கம் சாய்ந்தார்.

ஐ.டி. வேலை. பகல் முழுக்க மவுஸ், இரவில் இரண்டு மணி நேரம் ரப்பர் பயிற்சிப் பேட். ஒரே கையில் ஸ்நேர் டிரம்மின் விளிம்பில் உருட்டித் தள்ளும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, அதே வேகம் தனக்கும் வர வேண்டும் என்று மூன்று மாதமாக அடித்திருக்கிறார். கட்டைவிரல் அடியில் வலி. "ஜிம் மாதிரிதானே சார், வலிச்சாத்தானே ஏறும்?" என்றார். இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டிக்கை இறுக்கும்போது முன்கையில் விரலை மடக்கும் தசையும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசையும் ஒரே நேரத்தில் விறைக்கின்றன. ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடு ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற கதை. சக்தி முழுக்கச் செலவாகும், வண்டி நகராது. மணிக்கட்டு பூட்டிக்கொள்ள, முழங்கையிலிருந்து உதறி அடிக்க ஆரம்பிப்போம். அப்படி அரை நிமிடம் தாங்கும். பாட்டு நான்கு நிமிடம் ஓடுமே!

கணக்கும் பார்த்துவிடலாம். 90 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 90 தாளத் தட்டு வேகத்தில், ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டில் ஒரே கையால் பதினாறாம் நோட்டுகள் (ஒரு தட்டுக்கு நான்கு அடி) வாசித்தால் நொடிக்கு 6 அடி, நான்கு நிமிடப் பாட்டுக்கு 1,440 அடி. 2013-ல் வேகப் போட்டியில் டாம் குரோசெட் ஒரு நிமிடத்தில் அடித்தது 1,208. அது இரண்டு கையும் சேர்ந்து. பிரித்தால் ஒரு கைக்கு நொடிக்குப் பத்துதான். அந்த வேகத்துக்கே பத்து என்றால், நமக்கு ஆறோ ஏழோ சீராக வந்தாலே மேடையில் பெரும்பாலான பாட்டுக்குப் போதும்.

இப்போது கைக்கு வருவோம். ஸ்டிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாகப் பிடித்து, நுனியைப் பேடின் மேல் தானாக விழ விடுங்கள். எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். பிடியைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்திப் பாருங்கள். அதிக முறை துள்ளும் இடம் ஒன்று அகப்படும். பெரும்பாலும் அடிமுனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கும். அதுதான் உங்கள் பிடிமானம். நூல் பிடித்த மாதிரி ஒரே இடம் எல்லோருக்கும் வராது.

அடுத்து புஷ்-புல். முதல் அடிக்கு மணிக்கட்டைக் கீழே விடும்போது பின்விரல்கள் மூன்றும் திறந்தபடி இருக்கட்டும். ஸ்டிக் மோதித் துள்ளும். மணிக்கட்டு மேலே ஏறும் அந்த நேரத்தில், சின்னக் குழந்தையை "இங்கே வா" என்று கூப்பிடுவதுபோல விரல்களை உள்ளே மடக்குங்கள். இரண்டாவது அடி அதில் கிடைத்துவிடும். மணிக்கட்டு ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் இரண்டு அடி; ஒற்றைக் கை வேகத்தின் சூட்சுமம் பெரும்பாலும் இவ்வளவுதான். தாளத்துக்குக் கிளிக் சத்தம் கொடுக்கும் மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரு கிளிக்குக்கு இரண்டு அடி. இரண்டாவது அடி முதல் அடிக்குச் சமமாகக் கேட்கிற வரை டெம்போவைத் தொடாதீர்கள். ஏற்றினாலும் நான்கு நான்காக ஏற்றுங்கள். அரை நிமிடம் வாசித்தால் அரை நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள்.

சான்ஃபோர்ட் மோலர் என்ற அமெரிக்கர், உள்நாட்டுப் போரில் டிரம் அடித்த முதியவர்களின் கையசைவைக் கவனித்து 1925-ல் புத்தகமாக்கிய முறை இன்னொன்று. சாட்டை சுண்டுகிற அசைவு. கை கழுவிவிட்டுத் துண்டு இல்லாதபோது தண்ணீரை உதறுவோமே, அதேதான். அந்த ஒரு உதறலின் மிச்சத்தில் இன்னும் ஒன்றிரண்டு அடி சேர்ந்து வரும். நம் ஊரில் தவில்காரர்கள் ஒரு கை விரல்களில் கூடு மாட்டி, மறு கையில் ஒற்றைக் குச்சியோடு மணிக்கணக்கில் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தோலின் துள்ளலை வீணாக்காத கை எப்படியிருக்கும் என்று அங்கே தெரியும்.

அந்த இளைஞர் ஆசைப்பட்ட விளிம்பு உருட்டல், மெட்டல் இசைக்காரர்கள் கிராவிட்டி பிளாஸ்ட் என்கிறார்களே, அது. டிரம்மின் விளிம்பு வளையமான ரிம்மையே நெம்புகோலின் அச்சாக்கி, கை இறங்கும்போது ஓர் அடி, ஏறும்போது ஓர் அடி. பார்க்கப் பிரமாதம். ஆனால் ஸ்டிக்கின் கழுத்தை ரிம் தின்றுவிடும், ஹை-ஹேட்டில் உதவாது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் அதிக இடமில்லை. முதல் வருடத்தில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

சென்னையில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று: வியர்வை. ஏ.சி. இல்லாத அறையில், மே மாதத்தில், வார்னிஷ் பூசிய ஸ்டிக் வழுக்கும். வழுக்குகிறதென்று நம்மையறியாமல் இறுக்குவோம். பிடிக்கிற இடத்தில் மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், பக்கத்தில் ஒரு துண்டு வையுங்கள். இருபத்திரண்டு வயதில் இது எனக்குத் தெரியாது. ஒரு கல்யாண ரிசப்ஷனில் மூன்று மணி நேர லைட் மியூசிக், விசிறிகூட மேடைக்கு எட்டவில்லை. கடைசி மூன்று பாட்டுகளில் முன்கை கல்லாகிவிட்டது. மறுநாள் காலையில் டம்ளரைத் தூக்க முடியாமல் இடது கையால் காபி குடித்தேன். அதன் பிறகும் ஒரு வாரம் அடித்தேன் என்பதுதான் முட்டாள்தனம். ஒரு மாதம் கச்சேரியே இல்லை.

முன்கைச் சதை சூடாகிக் களைத்து, சில நிமிடங்களில் தணிந்தால் பயமில்லை. கட்டைவிரல் அடியில் சுளீரென்ற வலி, மறுநாளும் தங்குகிற வலி, முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வலி என்றால் நிறுத்திவிடுங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு அடிப்பது வேண்டாம். எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். நான் டிரம்ஸ் வாத்தியார்தான், கையைப் பார்த்து நோய் சொல்லும் தகுதி எனக்கில்லை. கனமான இரும்பு ஸ்டிக், மணிக்கட்டில் கட்டும் எடை இவற்றை ஆரம்பக்காரர்களுக்கு விற்கிறார்கள். என் வகுப்பில் அவற்றுக்கு இடமில்லை.

அந்த இளைஞரை முதலில் மருத்துவரிடம்தான் அனுப்பினேன். கட்டைவிரல் பக்கத் தசைநாணின் உறை வீங்கியிருந்ததாம். ஓய்வு முடிந்து வந்ததும் 60-ல் ஆரம்பித்தோம். "இது எல்.கே.ஜி. மாதிரி இருக்கு சார்" என்று சலித்துக்கொண்டார். இப்போது 84. போன வாரம் பின்னால் போய் அதே மாதிரி இழுத்தேன். ஸ்டிக் கழன்று என் கைக்கு வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. வெறும் விரலாலேயே ஹை-ஹேட்டைத் தட்டிக்கொண்டு, "கொடுங்க சார், தாளத்தோட 'ஒன்று' வரப்போகுது" என்றார்.