ஐப்பசியில் சாத்தாத கதவு

விளாத்திகுளம் பக்கமிருந்து ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார். "சார், மூணு வருஷத்துல ரெண்டு தடவ பூசிட்டேன். அதே இடத்துல திரும்பவும் வெடிக்குது. கொத்தனார் ஏமாத்திட்டாரு."

போய்ப் பார்த்தேன். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல். முன்வாசல் கதவு சித்திரையில் ஒழுங்காகச் சாத்துமாம், ஐப்பசி மழை விழுந்ததும் நிலையில் இடிக்குமாம். கொத்தனார் மேல் குற்றமே இல்லை. வீடு கரிசலில் நிற்கிறது.

கரிசலில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தண்ணீரை இழுத்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். பல மாடிக் கட்டடத்தின் பாரம் அந்த ஊதலைப் பெரும்பாலும் அமுக்கிவிடும். தரைத்தள வீட்டை மண் தூக்கிவிடும், அதுவும் எல்லா மூலையையும் ஒரே அளவில் தூக்காது. இந்த வீட்டில் சமையலறைக் கழிவுநீர் சுவரோரமே தேங்குகிறது. எதிர்ப்பக்கம் வேப்பமரம் ஈரத்தை உறிஞ்சுகிறது. சுவர் வேறென்ன செய்யும்?

இதைக் கட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். சலித்து உலர்த்திய மண்ணைப் பத்துப் பத்து கிராமாக எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விட்டால் போதும். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது. தண்ணீரில் இருப்பது அதைவிட 50 சதவீதத்துக்கு மேல் ஊதியிருந்தால், வழக்கமான கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) நான் சம்மதிக்க மாட்டேன்.

கரிசல் ஆழம் குறைவென்றால் அதைத் தாண்டிச் சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கெட்டி மண்) அல்லது சரளை வரை வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுங்கள். ஆழம் அதிகமென்றால் அண்டர் ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும், அடி அகன்ற கான்கிரீட் தூண். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை இது. குறைந்தது 3.5 மீட்டர் இறங்கி, அடியில் தண்டைப்போல இரண்டரை மடங்கு அகலமான குமிழோடு, ஈரம் அதிகம் மாறாத மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பைல் மேல் வரும் பீமுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் ஊதும் மண் பீமையே தள்ளும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கரிசல் வானத்தில் மணல் நிரப்பும் பழக்கத்தையும் விடுங்கள். மழைநீர் மணலில் இறங்கிக் கடைக்காலைச் சுற்றித் தங்கிவிடும்.

விளாத்திகுளம் வீட்டில் முதல் வேலையாகக் கழிவுநீரைத் தூரமாகத் திருப்பச் சொன்னேன். பிறகு சுவரைச் சுற்றி வெளிப்பக்கம் சரியும் சிமெண்ட் தளம். விரிசலை இப்போது பூச வேண்டாம், ஓர் ஐப்பசியும் ஒரு சித்திரையும் போகட்டும் என்று சொல்லி, இரண்டு ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.