இனிஷியலை மாற்றும் முன் உங்கள் மஞ்சள் பையைத் திறந்து பாருங்கள்

கல்யாணம் முடிந்து, மறுவீடு விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு கும்பகோணத்தில் என் அலுவலகத்துக்கு வரும் புதுப்பெண்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "மேடம், இனிஷியலை மாத்தியே ஆகணுமா?"

மாற்ற வேண்டியதில்லை. கல்யாணமான பெண் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெண்கள் பெயரை மாற்ற வேண்டிய அவசியமில்லை என்று 2017 ஏப்ரலில் பிரதமரே அறிவித்தார். விரும்பி மாற்றிக்கொள்கிறவர்களுக்கும் தடை இல்லை. இரண்டில் எதைச் செய்தாலும் சமாளித்துவிடலாம். யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காமலே பாதி மாறிப்போன பெயர் இருக்கிறதே, அதைத்தான் வழக்கறிஞராகவும் நோட்டரியாகவும் நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். வள்ளி என்று வைத்துக்கொள்வோம். அப்பா கணேசன், கணவர் பாலசுப்பிரமணியன். எல்லாமே நான் மாற்றிச் சொல்லும் பெயர்கள்தான். அப்பா காலமாகி, ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நஞ்சையை இரண்டு அண்ணன்மாரும் இவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். சண்டை எதுவும் இல்லை. "தங்கச்சி பங்கு தங்கச்சிக்கு" என்று அண்ணன்மாரே கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். ஆதாரில் பா. வள்ளி, க/பெ பாலசுப்பிரமணியன். வாக்காளர் அட்டையில் வெறும் வள்ளி. பேங்க் பாஸ்புக்கில் வள்ளி பாலசுப்பிரமணியன். பான் கார்டில் வள்ளி கணேசன். ரேஷன் கார்டில், குடும்பத்தலைவரின் மனைவி வள்ளியம்மை. ஐந்து தாளுக்கு ஐந்து பெயர்.

எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "நான் எங்க மாத்துனேன்? ஆதார் எடுக்க ஊருக்கு வந்தாங்க. வீட்டுக்காரர் பேர் என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். அவங்களே அடிச்சிட்டாங்க" என்றார்.

பான் கார்டில் மட்டும் அப்பா பெயர் தப்பித்த காரணம் எளிது. பான் விண்ணப்பத்தில் கல்யாணமான பெண்களும் தகப்பனார் பெயரைத்தான் தர வேண்டும். இனிஷியலையும் விரித்துத்தான் எழுத வேண்டும். பலர் ஆதாரையும் பானையும் இணைக்கப் போய் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். ஒன்றில் கணவர் பெயர், ஒன்றில் அப்பா பெயர் என்றால் கம்ப்யூட்டர் அதை ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளாது.

வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது வந்தது கேள்வி: கணேசனின் மகள் க. வள்ளியும், இந்த பா. வள்ளியும் ஒருவர்தானா? ஊரே சாட்சி சொல்லும். ஆனால் தாலுகா அலுவலகத்துக்குத் தாள் வேண்டும். அக்காவிடம் பள்ளிக்கூட டிசி இல்லை; ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. படித்த ஊராட்சிப் பள்ளிக்கே நேரில் போனோம். தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டை இறக்கி, தூசி தட்டி, வரி வரியாக விரல் வைத்துத் தேடினார். 'க. வள்ளி, த/பெ கணேசன், விவசாயம்.' நீல மையில் அந்த ஒரு வரி. அதன் நகலோடு இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. அதற்குள் குறுவை போய் சம்பாவும் நட்டாகிவிட்டது.

மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-இல் திருத்தியது. அப்போது, அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களை விட்டுவிட்டார்கள். 2005-இல் நாடு முழுவதற்குமாக வந்த திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இவ்வளவு பாடுபட்டு வந்த உரிமை ஓர் எழுத்தில் போய்ச் சிக்கி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பட்டா ஒரு பெயரிலும் பாஸ்புக் இன்னொரு பெயரிலும் இருந்தால் அது பத்திரத்தோடு முடிகிற தொல்லையும் இல்லை. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் கேட்பார்கள். மூட்டையை இறக்கிவிட்டு, நான்தான் அந்த வள்ளி என்று அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

நம்மிடம் வடக்கே இருப்பதுபோல் குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை விட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். இன்றைக்கு நாம் பெரும்பாலும் ஓர் எழுத்தோடு நின்றுகொள்கிறோம். ஊர்ப் பெயரை முன்னால் வைத்து வாழ்ந்தவர்களும் உண்டு. நம் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை அப்பா பெயராலோ கணவர் பெயராலோ யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் அந்த அம்மையார் பெயரில்தான் நடக்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. மன்னார்குடிப் பெண் ஒருவர், கணவரோடு சிங்கப்பூர் போகும் அவசரத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் கணவர் பெயரைப் போட்டு பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். அங்கே வேலைக்கு விண்ணப்பித்தபோது, அப்பா இனிஷியலோடு இருந்த பட்டச் சான்றிதழ் இவருடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கணவர் பெயருக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. அதில் எழுதினால் போதும். உங்கள் பெயரைத் தொட வேண்டாம். ஆனால் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவதும் சரியில்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. சில நாளிலேயே, இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அந்தச் சில நாளில் இங்கே எத்தனை வீடுகளில் போன் ஓயாமல் அடித்தது தெரியுமா?

இன்னொரு சின்ன விஷயம். அரசு ஆவணங்களில் இனிஷியலையும் தமிழிலேயே எழுத 2021-இல் அரசு உத்தரவிட்டது. எனக்கு மகிழ்ச்சிதான். கணேசன் தமிழில் 'க', ஆங்கிலத்தில் 'ஜி' என்பதை மட்டும் படிவம் நிரப்பும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'கே' என்று அடித்துவிட்டுப் பிறகு அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டால் நான் சொல்லும் யோசனை: பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரிலேயே இருந்துவிடுங்கள். அந்த ஒரு தாள்தான் கடைசிவரை மாறாமல் வரும். "நம்ம வீட்டுக்கு வந்த பிறகும் இனிஷியல் மட்டும் அப்பா பேரா?" என்று மாமியார் வருத்தப்பட்டால், அந்த வருத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கல்யாணத்தைப் பதிவு செய்து, சான்றிதழைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அதில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு.

இல்லை, மாற்றத்தான் எனக்கு விருப்பம் என்றால், சரி, முழுசாக மாற்றுங்கள். முதலில் திருமணப் பதிவு. அப்புறம் தேவைப்பட்டால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு. அதன் பிறகு ஆதார், வங்கி, வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம். ஒன்றை எழுத்துப் பிழை திருத்துவதில் செலவழித்திருந்தால், மிச்சம் ஒன்றுதான். பிரிந்து வாழும் பெண்கள் பழைய பெயருக்குத் திரும்பும்போதும் இந்தக் கணக்குதான் முன்னால் வந்து நிற்கிறது. பழைய சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். பிரசவத்தில் நர்ஸ் வந்து தாய் பெயர் கேட்கும்போது, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லாமல் ஆதாரில் இருப்பதையே சொல்லச் சொல்லி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அதிலிருந்துதான் பிறக்கிறது.

சொத்துப் பத்திரம் எழுதும்போது நான் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதச் சொல்வேன்: 'கணேசன் குமாரத்தியும் பாலசுப்பிரமணியன் மனைவியுமான வள்ளி'. ஒரு வரி கூடும், பத்து வருஷ அலைச்சல் குறையும்.

வள்ளி அக்காவின் பாகப்பிரிவினை அப்படித்தான் எழுதிப் பதிவானது. ஆதாரையும் பள்ளிப் பதிவேட்டின்படி திருத்திக்கொண்டார். தை பிறந்து பட்டா மாறுதலாகி வந்ததும் நேரே என்னிடம் கொண்டுவந்தார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டேன், பெயர் இருக்கும் இடத்தை மட்டும் வாசியுங்கள் என்றார். 'கணேசன் மகள் வள்ளி' என்று வாசித்தேன். "இன்னொரு தடவ வாசிங்கம்மா" என்றார்.