எட்டு ஆண்டு ஒப்பந்தம் லாபமா, சுமையா? என்.எச்.எல். ஊதிய உச்சவரம்பு விதிகள் ஒரு விளக்கம்

வட அமெரிக்காவின் தேசிய (ஐஸ்) ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் ஒரு வீரர் எட்டு ஆண்டுகளுக்குப் பத்துக் கோடி டாலர் பெறப்போகிறார் என்ற செய்தி வந்ததுமே, அது அதிகமா குறைவா என்ற வாதம் தொடங்கிவிடும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து அதற்கு விடை சொல்ல இயலாது. ஓர் அணி ஒரு பருவத்தில் தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு லீக் வரம்பு விதித்திருக்கிறது. நீண்டகாலக் காயத்தில் இருக்கும் வீரருக்காகக் கிடைப்பது போன்ற சில சலுகைகளைத் தவிர, அந்த வரம்பைத் தாண்ட வழியில்லை. அபராதம் கட்டிவிட்டுக் கூடுதலாகச் செலவிடலாம் என்ற ஏற்பாடும் கிடையாது. ஆகவே ஒருவருக்கு ஒதுக்கும் ஒவ்வொரு டாலரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாத டாலராகிறது.

அணி உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே எழுந்த தகராறால் 2004-05 பருவம் முழுவதும் ரத்தானது. அதன் பிறகு 2005-இல் ஏற்பட்ட உடன்படிக்கையில்தான் இந்த உச்சவரம்பு பிறந்தது. முதல் பருவத்தில் அது 3.9 கோடி டாலர். 2025-26 பருவத்தில் 9.55 கோடி டாலர். குறைந்தது இவ்வளவாவது செலவிட வேண்டும் என்ற கீழ்வரம்பும் உண்டு. அது 2025-26-இல் 7.06 கோடி டாலர். எந்தத் தனி வீரரும் உச்சவரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் பெற முடியாது.

ஒரு வீரரின் பெயரில் ஆண்டுதோறும் உச்சவரம்புக் கணக்கில் ஏறும் தொகை, ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் சராசரியே ஆகும். அந்த ஆண்டில் அவர் கையில் உண்மையில் வாங்கும் சம்பளம் இதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். இந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான் அணிகள் முன்பு பதினைந்து ஆண்டு ஒப்பந்தங்களை எழுதின. தொடக்க ஆண்டுகளில் பெரும் சம்பளமும், வீரர் ஓய்வுபெற்றுவிடக்கூடிய கடைசி ஆண்டுகளில் பெயருக்கு ஒரு சிறு தொகையும் வைத்தால், சராசரி இறங்கிவிடும். 2010-இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி இலியா கோவல்சுக்குடன் 17 ஆண்டுகளுக்கு 10.2 கோடி டாலருக்குச் செய்த ஒப்பந்தத்தை லீக் நிராகரித்தது. தகராறைத் தீர்க்க அமர்ந்த நடுவரும் லீக்கின் முடிவையே உறுதிசெய்தார். 2013-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, தன் சொந்த வீரருக்கு எட்டு ஆண்டுகள், வெளியிலிருந்து வருபவருக்கு ஏழு ஆண்டுகள் என்று கால எல்லையை நிர்ணயித்தது.

ஒப்பந்தத்தின் மதிப்பை எடைபோட முதலில் செய்ய வேண்டியது, டாலரைச் சதவீதமாக மாற்றுவது. எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியின் கானர் மெக்டேவிட் 2017-இல் எட்டு ஆண்டுகளுக்குப் பத்துக் கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அது தொடங்கிய 2018-19-இல் உச்சவரம்பு 7.95 கோடி, அவருடைய 1.25 கோடி அதில் 15.7 சதவீதம். ஒப்பந்தத்தின் கடைசிப் பருவமான 2025-26-இல் அதே 1.25 கோடி 13.1 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதே அணியின் லியோன் டிரைசைட்லின் முந்தைய ஒப்பந்தம் இதைவிடச் சிறந்தது என்பது என் கணிப்பு. ஆண்டுக்கு 85 லட்சம் டாலருக்கு, 11.3 சதவீதத்தில் தொடங்கிய அந்த எட்டு ஆண்டுகளுக்குள், 2020-இல், அவர் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வென்றார். கையெழுத்திடும்போது அவருக்கு வயது 21. தான் விரும்பிய அணிக்குச் செல்லும் முழு உரிமை ஒரு வீரருக்குப் பொதுவாக 27 வயதிலோ ஏழு பருவங்கள் ஆடிய பிறகோதான் கிடைக்கிறது என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளை அணி மலிவாக வாங்க முடிகிறது. அவை வீரரின் உச்ச ஆண்டுகளாகவும் அமைந்துவிட்டால் அணிக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறில்லை.

உச்சவரம்பு ஆண்டுதோறும் உயரும் என்ற நம்பிக்கையும் ஒப்பந்தத்தின் விலைக்குள் அடங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் பார்த்தது. ஜான் தவாரெஸ் 2018-இல் ஏழு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 1.1 கோடி டாலர் என்று அந்த அணிக்கு வந்தார், தொடக்கத்தில் 13.8 சதவீதம். கொரோனாப் பெருந்தொற்றால் வருவாய் சரிந்து, உச்சவரம்பு 8.15 கோடியிலேயே மூன்று பருவங்கள் நின்றது. 2023-24-இலும் அவர் பங்கு 13.2 சதவீதமாகவே இருந்தது. அவருக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. 2025-இல் அதே அணியுடன் அவர் ஒப்புக்கொண்ட புதிய தொகை ஆண்டுக்குச் சுமார் 44 லட்சம் டாலர். சொந்த ஊர் அணி என்பதற்காக அவர் ஓரளவு விட்டுக்கொடுத்திருக்கலாம் என்றாலும், 27 வயது விலைக்கும் 34 வயது விலைக்கும் உள்ள தூரத்தை இது காட்டுகிறது. இப்போது நிலை தலைகீழ். 2026-27-க்கு 10.4 கோடி, 2027-28-க்கு 11.35 கோடி என்று லீக் 2025 ஜனவரியிலேயே அறிவித்தது. 2024-இல் பெரிதாகத் தெரிந்த பல ஒப்பந்தங்கள் இதனால் சாதாரணமாகிவிடும்.

பலர் கவனிக்கத் தவறுவது, ஒப்பந்தத்திலிருந்து வெளியேற ஆகும் செலவு. பைஅவுட் எனப்படும் முறையில், 26 வயது நிரம்பிய வீரருக்கு மீதமுள்ள சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதமுள்ள ஆண்டுகளைப் போல இரு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மின்னசோட்டா வைல்ட் அணி 2012 ஜூலை 4 அன்று சாக் பரீசே, ரயன் சூட்டர் இருவருக்கும் தலா 13 ஆண்டுகளுக்கு 9.8 கோடி டாலர் கொடுத்தது, சராசரி 75.4 லட்சம். நான்கு ஆண்டுகள் மிஞ்சியிருந்தபோது, 2021-இல் இருவரையும் ஒரே நாளில் பைஅவுட் செய்தது. தலா ஒரு கோடி டாலர் சம்பளம் பாக்கி. அதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டு ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 8.3 லட்சம். ஆனால் கணக்கில் ஏறுவது அந்த 8.3 லட்சம் மட்டுமன்று. பழைய சராசரியிலிருந்து அந்த ஆண்டுக்குரிய சம்பளத்தைக் கழித்து, அத்துடன் இந்த 8.3 லட்சத்தைக் கூட்ட வேண்டும். 2023-24-க்குரிய சம்பளம் வெறும் 10 லட்சம் என்பதால், 75.4-இல் 10 போக 65.4, அதனுடன் 8.3 சேர்த்தால் 73.7 லட்சம். இரண்டு பேருக்கும் சேர்த்து 1.47 கோடி டாலர், அதாவது அந்தப் பருவத்தின் உச்சவரம்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல், அணியில் இல்லாதவர்களுக்காகக் கரைந்தது. அடுத்த பருவத்திலும் அதே தொகைதான். 2025-26-இல் அந்தச் சுமை 16.7 லட்சமாக இறங்கியது. 2025 செப்டம்பரில்தான் வைல்ட், கிரில் கப்ரிசோவுக்கு எட்டு ஆண்டுகளுக்கு 13.6 கோடி டாலர் தர முன்வந்தது.

ஓய்வு பெற்றாலும் கணக்கு முடிந்துவிடாது. வான்கூவர் கனக்ஸ் 2009-இல் ராபர்டோ லுவாங்கோவுக்கு 12 ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் என்று எழுதியது. தொடக்க ஆண்டுகளில் சம்பளத்தைக் குவித்த அத்தகைய நீண்ட ஒப்பந்தங்களில், வீரர் முன்கூட்டியே ஓய்வு பெற்றால், கணக்கில் ஏறியதைவிடக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தை அணியின் பெயரில் திருப்பி ஏற்றும் விதி 2013-இல் வந்தது. 2019-இல் அவர் ஓய்வு பெற்றதும் வான்கூவருக்கு மூன்று பருவங்கள், பருவத்துக்குச் சுமார் 30 லட்சம் டாலர் தண்டனையாக விழுந்தது. லீக்கே பதிவு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின்னாளில் எழுதிய விதியைப் பாய்ச்சியது நியாயமன்று என்றே நான் கருதுகிறேன். 35 வயதுக்குப் பின் செய்யப்படும் பல்லாண்டு ஒப்பந்தங்களுக்கு விதி இன்னும் கடுமையானது. அவற்றில் சில, வீரர் ஓய்வு பெற்ற பின்னும் முழுமையாகவே கணக்கில் நிற்கும்.

2026 செப்டம்பர் 16 அன்று தொடங்கும் புதிய உடன்படிக்கை கால எல்லையை மேலும் ஓராண்டு குறைத்து, சொந்த வீரருக்கு ஏழு, பிறருக்கு ஆறு என்று வைத்திருக்கிறது. விலையைத் தணிக்க வீரரின் முதிர்ந்த ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரியை இறக்கும் வழி இதனால் மேலும் குறுகுகிறது. எனவே 27 வயது வீரரின் ஆண்டுத் தொகை முன்பைவிட உயர்ந்து தெரியும். அந்த ஒப்பந்தம் அவருடைய 35-ஆம் வயதுக்குப் பதில் 34-இலேயே முடிந்துவிடும்.