கல்விக் கடன்: தவணை தொடங்கும் முன்பே பார்க்க வேண்டிய கணக்கு

படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை கட்ட வேண்டியதில்லை என்று வங்கியில் சொன்னதும், அதுவரை வட்டியும் கிடையாது என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். கட்டத்தான் வேண்டியதில்லை, வட்டி முதல் தொகை வாங்கிய நாளிலிருந்தே ஏறுகிறது.

பொறியியல் படிக்கும் ஒருவர் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வாங்குகிறார், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு. தனிவட்டியாகவே போட்டாலும் 1,40,000 ரூபாய். ஆக, முதல் தவணை வரும்போது கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய் வரும்; பதினைந்து வருடம் என்றால் 5,800. முதல் வேலையின் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை.

படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் அசல் நான்கு லட்சத்தோடு நிற்கும். முதல் ஆண்டில் அது மாதம் 833 ரூபாய்தான். பல வங்கிகள் இதற்காக வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கவும் செய்கின்றன.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால், தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. படிப்புக் காலம், அதன்பின் ஓராண்டு, இரண்டுக்கும் வட்டியை அரசே ஏற்கும். கல்லூரிக்குரிய அங்கீகாரம் இருக்க வேண்டும். பாதியில் படிப்பை விட்டால் கிடைக்காது. வருமானச் சான்றிதழைக் கொடுத்ததோடு விடாமல், மானியம் கணக்கில் வரவானதா என்று கிளையில் கேட்டுப் பாருங்கள். 2024இல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் வருமான வரம்பு 8 லட்சம். ஆனால் அதில் கிடைப்பது, 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை மட்டுமே. பட்டியலில் உள்ள உயர்தரக் கல்வி நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும்.

சரி, வேலை கிடைக்கவில்லை, தவணை தவறிவிட்டது. 90 நாளைத் தாண்டி நிலுவை நின்றால் கணக்கு வாராக் கடன் ஆகிவிடும். அந்த 90 நாளுக்குள் கிளைக்குப் போய்விடுவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். வேலை இல்லாத விவரத்தைச் சொல்லி அவகாசமோ, தவணைக் காலத்தை நீட்டிக்கவோ எழுத்தில் கேளுங்கள். நகலில் பெற்றதற்கான முத்திரையும் வாங்குங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. ஆனால் கடிதம் கொடுத்தவரையும் போனை எடுக்காதவரையும் எந்த மேலாளரும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

நான்கு லட்சம் வரை அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்பதில்லை என்பதால் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருப்பார்கள். பிள்ளையின் சிபில் எனும் கடன் மதிப்பெண்ணோடு அவர்களுடையதும் கெடும். நாளை வீட்டுக் கடன் கேட்டுப் போனால் தெரியும்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் தொகையைக் குறைத்து முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் சிபில் அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடனாகக் காட்டப்படாது. கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள்.